சுற்றுச்சூழல் கல்வி (இந்தியப் பட்டப்படிப்பு)

சுற்றுச்சூழல் கல்வி என்பது இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் இளநிலைப் பட்டம் பயிலும் மாணவர்கள், தம் முதன்மைப் பாடம் எதுவாக இருப்பினும், கூடுதலாகக் கற்க வேண்டிய பொதுப் பாடம் ஆகும். இயற்கை அறிவியலின் அடிப்படைகள், இயற்கை வளங்களின் மேலாண்மை, சூழல் சட்டங்கள் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். உச்ச நீதிமன்றத்தின் 1991 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றே இப்பாடத்தின் தோற்றத்துக்கு அடிப்படையாகும். அண்மைக் காலத்தில் இத்துறையை விரிவாகக் கற்க விரும்புவோருக்கெனத் துணைப்பாட வடிவமும் சில பல்கலைக்கழகங்களில் உருவாகியுள்ளது.

பின்னணி

1972 ஆம் ஆண்டு சுவீடனின் இசுடாக்கோம் நகரில் மனிதச் சுற்றுச்சூழல் குறித்த ஐக்கிய நாடுகள் மாநாடு நடைபெற்றது. அதன் தொடர்ச்சியாக, 1977 அக்டோபரில் அன்றைய சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த சார்சியாவின் திபிலீசி நகரில் சுற்றுச்சூழல் கல்விக்கான முதல் அரசுகளுக்கிடையேயான மாநாடு கூடியது. சூழல் கல்வி ஒரு துறைக்குள் அடங்காதது, எல்லா வயதினருக்கும் உரியது, சிக்கல்களைத் தீர்க்கும் திறனை வளர்க்க வேண்டியது என்னும் கருத்துகள் அங்கு வலியுறுத்தப்பட்டன. அம்மாநாட்டின் முப்பதாம் ஆண்டையொட்டி, 2007 நவம்பரில் அகமதாபாத்தில் நான்காவது பன்னாட்டு மாநாடு நடைபெற்றது.

இந்தியாவில் 1976 ஆம் ஆண்டின் 42 ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் இரண்டு கூறுகள் சேர்க்கப்பட்டன. சூழலைப் பாதுகாத்து மேம்படுத்த அரசு முயல வேண்டும் என்பது 48அ பிரிவு. காடு, ஏரி, ஆறு, காட்டுயிர் உள்ளிட்ட இயற்கைச் சூழலைக் காத்தல் ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்பது 51அ பிரிவின் (எ) கூறு. கடமையை நிறைவேற்ற வேண்டுமாயின் அதற்கான அறிவு குடிமகனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே பின்னர் எழுந்த வழக்குகளின் மையக் கருத்தாயிற்று.

நீதிமன்ற ஆணைகள்

வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த கங்கை மாசு வழக்கில், உச்ச நீதிமன்றம் 1988 சனவரியில் வழங்கிய தீர்ப்பில், முதல் பத்து வகுப்புகளிலும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது இயற்கைச் சூழல் பாதுகாப்புப் பற்றிக் கற்பிக்கப்பட வேண்டும் என்று கூறியது. அவரே தொடுத்த மற்றொரு பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று, தலைமை நீதிபதி இரங்கநாத் மிசுரா தலைமையிலான அமர்வு விரிவான ஆணைகளைப் பிறப்பித்தது. திரையரங்குகளில் சூழல் பற்றிய படவில்லைகளைக் காட்டுதல், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் குறுநிகழ்ச்சிகளை ஒலி, ஒளிபரப்புதல், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சூழலைக் கட்டாயப் பாடமாக்குதல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை.

ஆணை பிறந்து பல ஆண்டுகளாகியும் செயலாக்கம் மந்தமாகவே இருந்தது. மனுதாரர் மீண்டும் நீதிமன்றத்தை அணுகியதைத் தொடர்ந்து, 2003 ஆம் ஆண்டில் நீதிமன்றம் கண்டிப்பான ஆணைகளை இட்டது. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகே பாடம் வகுப்பறையை எட்டியது.

பாடத்திட்டம்

பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த வல்லுநர் குழு, எல்லாத் துறையினருக்கும் பொதுவான ஆறு மாதப் பாடத்திட்டத்தை உருவாக்கியது. புனேயைச் சேர்ந்த எராக் பரூச்சா எழுதிய பாடநூலை மானியக் குழு வெளியிட்டது. இப்பாடத்திட்டம் 50 விரிவுரைகளைக் கொண்டது. அவற்றின் பகிர்வு வருமாறு:

1. சூழலியலின் பல்துறைத் தன்மை – 2
2. இயற்கை வளங்கள் – 8
3. சூழல்மண்டலங்கள் – 6
4. உயிரினப் பல்வகைமையும் அதன் பாதுகாப்பும் – 8
5. சூழல் மாசு – 8
6. சமூகச் சிக்கல்களும் சூழலும் – 7
7. மக்கள்தொகையும் சூழலும் – 6
8. களப்பணி – 5

மொத்த மதிப்பெண்கள் 100 இல் எழுத்துத் தேர்வுக்கு 75, களப்பணிக்கு 25 என ஒதுக்கப்பட்டன. பின்னர் விருப்பத் தெரிவு மதிப்பலகு முறை பரவியபோது, இது திறன் மேம்பாட்டுக் கட்டாயப் பாடம் எனப் பெயர் பெற்றது. அப்போது சூழல் கொள்கைகள், மனித சமூகங்கள் ஆகியவை தனி அலகுகளாயின. சிப்கோ இயக்கம், அமைதிப் பள்ளத்தாக்கு, இராசத்தானின் பிசுனோய் மக்கள் ஆகியோர் பற்றிய பகுதிகளும் இடம்பெற்றன.

2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, மானியக் குழு 2023 இல் புதிய வழிகாட்டுதலையும் பாடத்திட்ட வரைவையும் வெளியிட்டது. காலநிலை மாற்றம், கழிவு மேலாண்மை, நீடித்த வளர்ச்சி ஆகியவற்றுக்கு இதில் கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது. பாடத்தின் அளவு 4 மதிப்பலகுகள் ஆகும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மொழிப்பாடங்கள் முதலிரு பகுதிகளிலும், முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும் மூன்றாம் பகுதியிலும் அமைகின்றன. சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி முதலியவற்றுடன் நான்காம் பகுதியில் இடம்பெறுகிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் "சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும்" என்னும் பாடம் 3 மதிப்பலகுகளுடன் இருந்தது. 2021 ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் "சுற்றுச்சூழல் அறிவியலும் பேண்தகைமையும்" என்ற பெயரில் அது 2 மதிப்பலகுகளாக அமைந்தது.

துணைப்பாடமாகக் கற்றல்

கட்டாயப் பாடம் விழிப்புணர்வை நோக்கமாகக் கொண்டது; துணைப்பாடமோ செயல்திறனை நோக்கமாகக் கொண்டது. மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட வரைவின்படி, 120 மதிப்பலகுகள் கொண்ட மூன்றாண்டுப் பட்டத்தில் குறைந்தது 24, 160 மதிப்பலகுகள் கொண்ட நான்காண்டுப் பட்டத்தில் குறைந்தது 32 துணைப்பாடத்துக்கு உரியவை. எனவே வரலாறோ பொருளியலோ பயிலும் மாணவரும், தம் கல்லூரி வழங்குமாயின், சூழல் அறிவியலைத் துணைப்பாடமாகக் கொள்ளலாம்.

பொறியியலில் இம்முறை சற்று வேறுபட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், வழக்கமான பட்டத்துக்கு மேல் 18 மதிப்பலகுகள் கூடுதலாகப் பெறும் மாணவருக்குத் துணைப்பாடத் தகுதி வழங்கப்படுகிறது. அதற்கான பிரிவுகளில் ஒன்று "சுற்றுச்சூழலும் பேண்தகைமையும்" என்பதாகும். பேண்தகு வேளாண்மையும் சூழல் மேலாண்மையும், சூழல் தரக் கண்காணிப்பும் பகுப்பாய்வும் முதலிய பாடங்கள் இதில் அடங்கும்.

அறிவியலும் மேலாண்மையும் இணையும் முறை

இவ்விரண்டும் ஏன் ஒரே பாடத்தில் வைக்கப்பட்டுள்ளன என்பதை நீர்மாசு கொண்டு விளக்கலாம். கழிவுநீரிலுள்ள கரிமப் பொருள்களை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் செலவாகிறது. அச்செலவின் அளவே உயிர்வேதி ஆக்சிசன் தேவை எனப்படும். மாதிரியிலுள்ள ஆக்சிசனை முதலில் அளந்து, 27 பாகை செல்சியசு வெப்பநிலையில் 3 நாள்கள் வைத்து, மீண்டும் அளந்து இது கணிக்கப்படுகிறது. இது அறிவியல். ஆறு, ஏரி போன்ற நிலப்பரப்பு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் இத்தேவை லீட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியப் பொதுத் தரநிலை. கழிவுநீரை வெளியேற்ற 1974 ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். இது மேலாண்மை.

ஓர் அளவீடு மட்டும் போதாது என்பதற்குத் திருப்பூர்ச் சாயத்தொழில் எடுத்துக்காட்டாகும். நுண்ணுயிரிச் சுத்திகரிப்பு கரிமப் பொருளைக் குறைக்கும்; ஆனால் சாயமேற்றப் பயன்படும் உப்பை நீக்காது. தமிழ்நாட்டில் கரைந்த திண்மங்களுக்கான வரம்பு லீட்டருக்கு 2100 மில்லிகிராம். உப்பேறிய கழிவுநீர் நொய்யல் ஆற்றிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் தேங்கியதால், கீழ்ப்பகுதி உழவர்கள் பாசனத்தை இழந்தனர். கழிவுநீர் வெளியேற்றமே இல்லாத நிலையை எட்டாத சாய, சலவை ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 சனவரியில் ஆணையிட்டது. வேதியியல் அறியாத மேலாளரும், சட்டம் அறியாத வேதியியலாளரும் இச்சிக்கலின் ஒரு பாதியை மட்டுமே காண்பர்.

பாலாற்றுப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் குறித்த வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கும் (1996) இப்பாடத்தில் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடும் இந்தியச் சூழல் சட்டத்தின் பகுதிகள் என இவ்வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

குறைகூறல்கள்

- பல கல்லூரிகளில் இதற்கெனத் தனி ஆசிரியர்கள் இல்லை. பணிநேரம் குறைவாக உள்ள பிற துறை ஆசிரியர்களிடம் பாடம் ஒப்படைக்கப்படுகிறது.
- களப்பணி பல இடங்களில் ஏட்டுப் பணியாகச் சுருங்கிவிடுகிறது. ஊரிலுள்ள ஏரியைப் பாராமலே ஏரி பற்றிய அறிக்கை எழுத இயலும் நிலை உள்ளது.
- தேர்ச்சி மட்டும் போதும் என்னும் நிலையில், தேர்வுக்கு முந்திய சில நாள்களின் மனனப் பாடமாக மாணவர்கள் இதைக் கருதுகின்றனர்.
- பள்ளியில் கற்ற உணவுச்சங்கிலி, மாசு வகைகள் முதலியன மாற்றமின்றி மீண்டும் வருகின்றன.

கட்டாயம் இல்லையெனில் இப்பாடம் பெரும்பாலான மாணவர்களை எட்டியே இராது என்பது மறுதரப்பின் வாதம். பின்னாளில் ஆலை நடத்துவோர், கணக்கர், ஆட்சிப் பணியாளர், வழக்கறிஞர் ஆகிய அனைவரும் ஏதேனும் ஒரு பட்டப்படிப்பின் வழியே வருபவர்கள். சூழலைப் பாதிக்கும் முடிவுகளைச் சூழலியலாளர்களைவிட இவர்களே மிகுதியாக எடுக்கின்றனர். ஆகவே பாடத்தை நீக்குவதைவிட, ஐந்து விரிவுரைகளுக்கு ஈடான களப்பணியை உண்மையாக நடத்துவதே முதல் தேவை என இத்தரப்பினர் கூறுகின்றனர். அதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. கல்லூரி ஒரு நாளில் பயன்படுத்தும் நீரின் அளவு, சேரும் குப்பையின் எடை, அக்குப்பை சென்றடையும் இடம் ஆகிய மூன்றையும் மாணவர்களே கணக்கிட்டு எழுதலாம்.

இவற்றையும் பார்க்க

- சூழலியல்
- பேண்தகு வளர்ச்சி
- நொய்யல் ஆறு
- பல்கலைக்கழக மானியக் குழு