மாறிய மணியும் மாறாத சந்திப்பும்

2006ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டுத் தினமாகிய ஏப்பிரல் 14ஆந் திகதி இரவு, பன்னிரண்டு மணி அடித்து அரை மணித்தியாலங் கழிந்தபின், இலங்கையில் இரண்டாம் முறையாகப் பன்னிரண்டு மணியாயிற்று. நாட்டு நேரம் அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளப்பட்டமையே அதற்குக் காரணம். சுவர்க் கடிகாரத்தைத் திருத்துவது ஒரு நொடி வேலை, கைக்கடிகாரமும் அவ்வாறே. ஆனால் கணினிக்குள் எழுதி வைக்கப்பட்ட நாட்குறிப்பு அவ்வளவு எளிதில் வழிக்கு வருவதன்று. அதன் காரணத்தை அறிய வேண்டுமாயின் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

கோடைகாலத்துப் பகல் வெளிச்சம் வீணாகாதிருக்கக் கடிகாரத்தை முன்னே தள்ளலாம் என்று இங்கிலாந்திலே 1907ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டவர் வில்லியம் வில்லெட் என்னும் கட்டட ஒப்பந்தகாரர். அவர் வாழ்ந்த காலத்தில் அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. முதலாம் உலகப் போரில் எரிபொருளைச் சிக்கனப்படுத்த வேண்டி 1916 ஏப்பிரல் 30இல் ஜேர்மனி அதனை மேற்கொண்டது. சில வாரங்களுள் பிரித்தானியாவும் பின்பற்றியது. 1906 முதல் கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியிருந்த இலங்கைக்கு இவ்வழக்கம் இரண்டாம் உலகப் போரோடு வந்தது. 1942 சனவரி 5இல் அரை மணித்தியாலமும், அவ்வாண்டு செப்டெம்பரில் மேலும் அரை மணித்தியாலமும் கூட்டப்பட்டன. 1945 ஒக்டோபர் 16இல் பழைய நேரம் மீண்டது.

அக்காலத்து எழுதுவினைஞர் ஒருவர் தமது குறிப்பேட்டில் "காலை பத்து மணி, கூட்டம்" என்று எழுதி வைத்திருந்தால், அரசாங்கம் கடிகாரத்தை எப்படித் திருப்பினும் அக்கூட்டம் பத்து மணிக்கே நடந்திருக்கும். காகிதத்தில் எழுதிய பத்து மணி, ஊர்க் கடிகாரம் எதைப் பத்து மணி என்று சொல்கிறதோ அதுவேயாம். காகிதத்துக்குக் கிறீனிச் என்று ஓர் இடம் உண்டென்பதே தெரியாது.

கணினிக்கோ அது தெரியும். தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. கொழும்பில் உள்ளவரும் இலண்டனில் உள்ளவரும் ஒரே வேளையில் தொலைபேசியிற் பேச வேண்டுமாயின், இருவர் நாட்குறிப்பிலும் ஒரே கணம் பதிவாதல் வேண்டும். ஆதலின் மென்பொருளை ஆக்கியோர், பயன்படுத்துபவர் கொடுக்கும் உள்ளூர் நேரத்தை உலகப் பொது நேரமாக மாற்றி உள்ளே வைத்து, காட்டும்போது மீண்டும் உள்ளூர் நேரமாக்கித் தரும் முறையைப் பெரிதும் கையாண்டனர். போகும்போதும் வரும்போதும் ஒரே விதி வழங்குமானால் பிழை நேராது. எழுதிய நாளுக்கும் காட்டும் நாளுக்கும் இடையில் விதியே மாறிவிட்டால் என்ன நேரும்?

இலங்கை அதற்குத் தக்க உதாரணம். 1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் தளர்ந்தன. மின்வெட்டு நாட்டை வருத்தியது. அவ்வாண்டு மே 25இல் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டு, நாட்டு நேரம் கிறீனிச்சுக்கு ஆறு மணித்தியாலம் முந்தியதாக நிலைபெற்றது. நெருக்கடி நீங்கியும் அந்த ஆறு மணித்தியாலம் பத்தாண்டளவும் நீடித்தது. விடுதலைப் புலிகளின் ஆளுகைக்குட்பட்ட பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்காது பழைய ஐந்தரை மணித்தியாலத்திலேயே நின்றன. 2002இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டபின் ஓமந்தையைக் கடந்து வடக்கே சென்ற பயணி, தமது கைக்கடிகாரம் அங்குள்ள கடிகாரங்களுக்கு அரை மணித்தியாலம் முந்தி ஓடக் கண்டிருப்பார். ஒரு தீவுக்குள் இரண்டு நேரம்! கணினியின் பட்டியலிலோ இலங்கைக்கு ஒரே நேரந்தான்.

இனி 2006க்கு வருவோம். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஒருவர், ஏப்பிரல் 20ஆந் திகதி காலை பத்து மணிக்கு ஒரு சந்திப்பைத் தமது கணினியிற் பதிந்தார் என்று கொள்வோம். ஆறு மணித்தியாலத்தைக் கழித்து, அதிகாலை நான்கு மணி உலகப் பொது நேரம் என்று இயந்திரம் எழுதிக்கொள்ளும். புத்தாண்டின்பின் புதிய விதியைப் பெற்ற அதே இயந்திரம், நான்குடன் ஐந்தரையைக் கூட்டி ஒன்பதரை என்று காட்டும். இயந்திரத்தை நம்பியவர் அரை மணித்தியாலம் முன்னதாகச் சென்று கதவடியிற் காத்து நிற்பார். பிறந்தநாள் போன்ற முழுநாட் குறிப்புகளின் கதி இன்னும் வேடிக்கையானது. நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று அவை பதியப்பட்டிருப்பின், அரை மணித்தியாலம் பின்னே நகர்ந்து முதல்நாள் இரவு பதினொன்றரைக்கே தொடங்கி, இரண்டு நாட்களின்மேலும் படிந்து கிடக்கும். இயந்திரம் புதிய விதியைப் பெறாதிருந்தாலும் உய்வில்லை; அப்பொழுது அதன் கடிகாரமே ஊருக்கு அரை மணித்தியாலம் முந்தி ஓடும். வின்டோஸ் பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்றிருந்ததை விடுத்துச் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி என்று ஐந்தரை மணித்தியாலத்துடன் நின்ற வரியைத் தெரிந்துகொள்வது கைக்கெட்டிய உபாயமாயிருந்தது.

இவ்விதிகளை உலகிற்கெல்லாம் தொகுத்து வைப்பவர் யார் என்ற வினா எழலாம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்திற் பணியாற்றிய ஆதர் டேவிட் ஒல்சன் என்பவர் 1980களில் ஒரு பட்டியலைத் தொடங்கினார். பின்னர் போல் எகெற் என்னும் கணினி அறிஞரும் மற்றும் பல தொண்டர்களும் அதனைப் பேணி வரலாயினர். இலங்கையின் 1942, 1996, 2006ஆம் ஆண்டு மாற்றங்கள் யாவும் அதிற் சில வரிகளாக உள்ளன. பழைய காலத்துச் செய்திகள் பலவற்றுக்கு அவர்கள் நாடிய ஆதாரங்களுள் சாதகம் கணிப்போருக்கென அச்சிடப்பட்ட நேர அட்டவணை நூல்களும் இருந்தன. பிறந்த கணத்தைச் செவ்வையாக அறிய வேண்டிய தேவை, மற்றெவரிலும் பார்க்கச் சோதிடருக்கே முன்னதாக ஏற்பட்டது போலும். அந்நூல்களின் உரிமையைக் கொண்டிருந்த சோதிட மென்பொருள் நிறுவனமொன்று 2011இல் ஒல்சன்மீதும் எகெற்மீதும் வழக்குத் தொடுத்தது. பட்டியல் சில நாட்கள் இணையத்திலிருந்து மறைந்தது. வரலாற்று உண்மைகளுக்குப் பதிப்புரிமை இல்லை என்ற வாதத்தின் முன் அவ்வழக்கு நிலைக்கவில்லை. 2012 பெப்ரவரியில் அந்நிறுவனம் வருத்தந் தெரிவித்து வழக்கை மீளப்பெற்றது.

இலங்கையிற் சிறிய அளவில் நிகழ்ந்தது, மறு ஆண்டு அமெரிக்காவிற் பேரளவில் நிகழ்ந்தது. 2005இல் நிறைவேறிய எரிசக்திச் சட்டம், கோடைநேரத் தொடக்கத்தை ஏப்பிரல் முதல் ஞாயிறிலிருந்து மார்ச்சு இரண்டாம் ஞாயிறுக்கு முற்படுத்தியது. முடிவு ஒக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறுக்குச் சென்றது. 2007 மார்ச்சு 11 முதல் ஏப்பிரல் 1 வரையுள்ள மூன்று வாரங்களுக்குப் பழைய விதிப்படி பதியப்பட்ட ஒன்பது மணிச் சந்திப்புகள், புதிய விதி வந்ததும் பத்து மணிக்குத் தாவின. இங்கே முந்திச் செல்லுதல் இல்லை, பிந்திச் செல்லுதலே. மைக்ரோசொப்ட் நிறுவனம் அவுட்லுக் நாட்குறிப்புகளைத் திருத்துவதற்கெனத் தனிக் கருவிகளை வெளியிட வேண்டியதாயிற்று. ஒரு குறிப்பு விதி மாறுமுன் எழுதப்பட்டதா, பின் எழுதப்பட்டதா என்று அறிந்தாலன்றித் திருத்தமுடியாது. ஏற்கெனவே சரியாயிருந்ததைத் திருத்தினால் அதுவே பிழையாகிவிடும்.

குறையை இயந்திரத்தின்மேல் மட்டும் ஏற்றுதல் நியாயமன்று. சூரிய கிரகணம் ஒரு கணத்தில் நிகழ்வது. எந்த மந்திரிசபை எதைத் தீர்மானித்தாலும் அது நகராது. பத்து மணிக்கு வருகிறேன் என்பதோ ஊரார் கடிகாரத்தை முன்னிட்டு மனிதர் கொடுக்கும் வாக்கு. இரண்டும் வெவ்வேறு பொருள்கள். ஆயினும் நாட்குறிப்பின் சிறு கட்டத்தில் இரண்டும் ஒரே வடிவிலேயே எழுதப்படுகின்றன. ஆதலின் நிபுணர் பலர், வருங்காலச் சந்திப்பை உலகப் பொது நேரமாக மாற்றாமல், "பத்து மணி, கொழும்பு" என்று நேரத்தையும் இடப்பெயரையுமே வைத்துக்கொண்டு, காட்டும் வேளையிற் கணித்தல் நன்று என்பர். 1998இல் வகுக்கப்பட்ட ஐகலண்டர் என்னும் பொது முறையில் உள்ளூர் நேரமும் அதன் வலய விதியும் குறிப்போடு சேர்ந்தே செல்ல இடமுண்டு.

இதுவும் முற்றிலும் காப்பதன்று. 2023 மார்ச்சு 23இல் லெபனன் நாட்டுப் பிரதமர் நஜீப் மிக்காத்தி, மூன்று நாளில் வரவிருந்த கோடைநேரத்தை நோன்பு மாதத்தை முன்னிட்டு ஏப்பிரல் இறுதிப் பகுதிவரை ஒத்திவைத்தார். மரோனைற் திருச்சபையும் சில தொலைக்காட்சி நிலையங்களும் அதனை ஏற்க மறுத்து மணியை முன்னே தள்ளின. கைத்தொலைபேசிகளுட் பல, பழைய விதியின்படி தாமாகவே மாறின. ஒரே தெருவில் ஒருவர்க்கு எட்டு மணி, மற்றவர்க்கு ஒன்பது. "பத்து மணி, பெய்ரூத்" என்று எழுதி வைத்திருந்தவர் யாருடைய பத்து மணிக்குச் செல்வது? மார்ச்சு 27இல் மந்திரிசபை தன் முடிவை மாற்றிக்கொண்டது. இரண்டு நாள் கழித்து நாடு முழுவதும் கோடைநேரம் வழங்கலாயிற்று.

இலங்கையில் 2006இன் பின் நேரம் மாறவில்லை. எனினும் 1996 மே மாதத்துக்கும் 2006 ஏப்பிரலுக்கும் இடையிற் பிறந்தோரின் சாதகத்தைக் கணிக்கும் மென்பொருள், கொழும்பு என்ற பெயருக்குரிய அச்சில வரிகளை இன்றும் நாட வேண்டியிருக்கிறது. அவ்வாண்டுகளில் வன்னியிற் பிறந்த குழந்தையின் நேரம், வீட்டுச் சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்கப்பட்டதாயின், அவ்வரிகளோடு அது அரை மணித்தியாலம் பொருந்தாது.