கறவை மாட்டின் உடலில் ஆன்டிபயாட்டிக்

மாட்டுக்குப் போடும் ஆன்டிபயாட்டிக், நோய் கண்ட இடத்தோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து ஈரல், சிறுநீரகம், மடி எங்கும் பரவி, பால், மூத்திரம், சாணம் வழியே வெளியேறுகிறது. அம்பாசமுத்திரம் போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களில் பால் சொசைட்டிக்கும், சாணம் நெல்வயலுக்கும் போவதால் மருந்தின் பயணம் தொழுவத்தோடு முடிவதில்லை.

வளர்ந்த மாட்டுக்கு இம்மருந்துகளை வாய்வழி கொடுப்பது அரிது. வைக்கோலைச் செரிக்கவைப்பவை அசையூண் வயிற்று நுண்ணுயிர்கள். மருந்து அவற்றையும் கொன்றுவிடும், மாடு தீனி எடுக்காது. அந்த வயிறு இன்னும் வளராத இளங்கன்றுக்கு வாய்வழி மருந்து ஒத்துக்கொள்ளும்.

பாலுக்குள் மருந்து வரும் விதம் தனிக் கதை. ரத்தத்தின் கார அமிலக் குறியீடு சுமார் 7.4, பாலுக்கு 6.6 அளவு. எரித்ரோமைசின், டைலோசின் போன்ற காரத்தன்மை மருந்துகள் பாலுக்குள் நுழைந்ததும் மின்னேற்றம் பெற்று, ரத்தத்துக்குத் திரும்ப வழியில்லாமல் சிக்கிக்கொள்கின்றன. ரத்தத்தில் உள்ளதைவிடப் பாலில் அதிகம் சேர்கின்றன. பெனிசிலின் அமிலத்தன்மை உடையது என்பதால் ஊசியாகப் போட்டால் பாலுக்குக் கொஞ்சமே வரும். மடிநோயில் பாலின் குறியீடு ரத்தத்தை நெருங்கும்போது இந்தக் கணக்கும் மாறிவிடும். காம்பு வழியே ஏற்றும் மருந்தோ நேரே பாலில் கலக்கிறது. மருந்து ஏற்றாத காம்புகளின் பாலைச் சுத்தமென்று ஊற்றுவது தவறு. மடியிலிருந்து ரத்தம் வழியாக அவற்றுக்கும் சிறிதளவு போய்ச் சேரும்.

காய்ச்சினால் பெனிசிலின் முழுதும் போகாது. உறை ஊற்றிய பால் தயிராகாமல் நீர்த்துக் கிடந்தால் மருந்தும் காரணமாக இருக்கலாம். தயிராக்கும் நுண்ணுயிர்களை அது அடக்கிவிடும். பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு அந்தப் பாலே ஆபத்து. சர்வதேச கோடெக்ஸ் அமைப்பு லிட்டருக்கு 4 மைக்ரோகிராம் பென்சைல்பெனிசிலினை மட்டுமே அனுமதிக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 ஆய்வில் 6,432 பால் மாதிரிகளில் 77-இல் ஆன்டிபயாட்டிக் வரம்பை மீறியிருந்தது.

ஜென்டமைசின் சிறுநீரகத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தங்கும். என்ரோஃப்ளாக்சசினின் ஒரு பகுதியை மாட்டின் ஈரல், மனிதருக்குத் தரும் சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாற்றுகிறது. பாலையும் இறைச்சியையும் விற்காமல் காத்திருக்க வேண்டிய நாள்களே மருந்து விலகும் காலம். அது தனியே உறுதிசெய்யப்படாத மருந்துக்குப் பாலில் குறைந்தது 7 நாள், இறைச்சியில் 28 நாள் என்பது 2012-இல் வந்த இந்திய விதி. அன்றாடம் பால் காசை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அந்த 7 நாள் பெரிய இழப்பு. மருந்து எழுதுபவர் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

டெட்ராசைக்ளினின் பெரும்பகுதி உருமாறாமலே மூத்திரத்திலும் சாணத்திலும் வெளியேறுகிறது. நன்றாக மக்கிய எருவில் அது வெகுவாகக் குறையும். பச்சைச் சாணமாக வயலில் இட்டால் களிமண்ணைப் பற்றிக்கொண்டு கிடக்கும்.