மேடு மூடியாச்சு, தண்ணீர் நிற்கவில்லை

சிப்பாங் மாவட்டத்தில் டிங்கில் பக்கம் அம்பார் தெனாங் குப்பைமேட்டை 2010-இல் மூடினார்கள். லோரிகள் வருவது நின்றது. மழை நிற்கவில்லை.

மேட்டில் விழும் மழை சோற்று மிச்சம், மீன் செதில், பெம்பர்ஸ், பழைய பேட்டரி என்று எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அடிக்கு வரும்போது தே ஓ நிறம். மேலே எண்ணெய்ப் படலம், மூக்கைத் துளைக்கும் வாடை. இதுதான் குப்பைக் கசிவுநீர். புதுக் குப்பையின் கசிவில் அழுகும் சத்து அதிகம். நுண்ணுயிர்களை விட்டே அதைக் குறைத்துவிடலாம். மேட்டுக்கு வயதானால் அந்தச் சத்து தீர்ந்துவிடும், அமோனியா தீராது. உள்ளே காற்று புகாததால் அது உருமாற வழியில்லை. பல பத்தாண்டுகள் கசிந்துகொண்டே இருக்கும்.

பூச்சோங் ஆயர் ஹீத்தாமில் 1995 முதல் 2006 வரை இயங்கிய கிடங்குக்கு அடியில் விரிப்பு உண்டு. கசிவைத் திரட்டக் குழாய்கள் உண்டு. எரிவாயுவிலிருந்து மின்சாரமும் எடுத்தார்கள். அம்பார் தெனாங்கோ விரிப்பு இல்லாமல் வெறும் மண்ணில் கொட்டிய இடம். பக்கத்திலேயே லாபு ஆறு. அது லங்காட் ஆற்றில் கலக்க, லங்காட் பந்திங் வழியாக ஜுக்ராவைத் தாண்டிக் கடலில் சேர்கிறது. சிப்பாங்கில் கொட்டியது கோலலங்காட்டுக்கும் வந்துவிடுகிறது.

லங்காட்டில் அமோனியா ஏறி, குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தி, வீட்டுக் குழாய்கள் வறண்டதும் உண்டு. பழி முழுவதும் குப்பைமேட்டுக்கு அல்ல. சாக்கடைக்கும் ஆலைகளுக்கும் பங்கிருக்கிறது.

2009-இல் வந்த சுற்றுச்சூழல் விதிமுறை, கிடங்கிலிருந்து வெளியேறும் நீரில் அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. சுத்திகரிக்காத கசிவில் அது நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்தையும் தாண்டி இருக்கும். அதைக் குறைக்கக் குளம் வேண்டும், காற்றூட்டும் இயந்திரம் வேண்டும், மேட்டைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறு வேண்டும், மாதிரி எடுக்க ஆள் வேண்டும். லோரி வரும்வரைதான் கிடங்குக்கு வரவு. அதன்பின் எல்லாம் செலவு.

இப்போது கோலலங்காட்டில் தஞ்சோங் டூவா பெலாஸ் கிடங்கு இருக்கிறது. அதுவும் ஒருநாள் நிரம்பும். இன்று டன் ஒன்றுக்கு வாங்கும் கட்டணத்திலேயே அந்த நாளுக்கான பங்கைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஆண்டுதோறும் ஊராருக்குச் சொல்லவும் வேண்டும். மூடிய பிறகு பணத்துக்கு அலைந்தால், செலவை ஆற்றோரத்துக்காரர்கள்தான் சுமப்பார்கள்.