முழங்காலுக்குள் ஒரு விளக்கு: நுண்துளை அறுவைச் சிகிச்சை கடந்து வந்த நூறாண்டு

1918-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெஞ்ஜி தகாகி என்ற எலும்பு மருத்துவர், இறந்துபோன ஒருவரின் முழங்காலில் துளையிட்டு, சிறுநீர்ப்பையைச் சோதிக்கும் குழாயை உள்ளே செலுத்திப் பார்த்தார். குழாயின் தடிமன் 7.3 மில்லிமீட்டர். சிறுநீர்ப்பைக்குப் பொருந்துவது மூட்டுக்குப் பெரிது. ஆனாலும் உள்ளே தெரிந்தது. அவரைத் துரத்திய கவலை காசநோய். அது நுரையீரலோடு நிற்காமல் மூட்டிலும் இறங்கும். முழங்காலைப் பிடித்தால் கடைசியில் கால் மடங்காமல் கட்டைபோல விறைத்துவிடும். தரையில் மண்டியிட்டு அமர்ந்து உண்ணவும் விருந்தினரோடு பேசவும் பழகிய ஜப்பானியருக்கு, மடங்காத கால் என்பது சொந்த வீட்டிலேயே உட்கார இடமில்லாமல் போவது. பந்தியில் சம்மணம் போட முடியாமல் ஓரமாக நாற்காலி கேட்கும் பெரியவர்களைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நோய் முற்றுவதற்குள் மூட்டைத் திறக்காமலே கண்ணால் கண்டறிய வேண்டும் என்பதே தகாகியின் நோக்கம்.

ஆகவே இன்று ‘ஆர்த்ராஸ்கோப்பி’ என்று மருத்துவமனைப் பலகைகளில் காணப்படும் இந்த முறை, வெட்டுவதற்காகப் பிறந்ததன்று, பார்ப்பதற்காகப் பிறந்தது. பார்வை எப்படிக் கத்தியாயிற்று, அந்தக் கத்தி பிறகு எப்படித் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளக் கற்றது என்பதைத் தடம் பிடிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நோயாளி இன்று எதை எதிர்பார்க்கலாம் என்ற கேள்விக்கும் விடை அந்தத் தடத்திலேயே கிடக்கிறது.

தகாகிக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. டென்மார்க்கின் செவெரின் நோர்டென்டாஃப்ட் 1912-இல் பெர்லினில் கூடிய ஜெர்மன் அறுவை மருத்துவர் மாநாட்டில் முழங்காலை உள்ளிருந்து பார்க்கும் முறையை எடுத்துச் சொன்னார். யாரும் பின்தொடரவில்லை. சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரில் ஆய்கன் பிர்ஷர், வயிற்றைப் பார்க்கும் கருவியைக் கடன் வாங்கி, மூட்டுக்குள் வாயுவை நிரப்பிப் பார்த்து 1921-இல் எழுதினார். சில ஆண்டுகளில் அவரும் கைவிட்டார். நியூயார்க்கின் மைக்கேல் பர்மன் 1931-இல் சடலங்களின் பல மூட்டுகளைச் சோதித்து வெளியிட்டார். ஒவ்வொருவரும் தனித்தனியே கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனவர்கள். டோக்கியோவில் மட்டும் குருவிடமிருந்து சீடருக்கு வேலை கைமாறியது. தகாகி 1931-இல் குழாயை 3.5 மில்லிமீட்டராகச் சுருக்கினார். வாயுவுக்குப் பதில் உப்புநீரால் மூட்டை விரித்துப் பார்க்கும் அவருடைய வழக்கமே இன்றும் நடைமுறை. நீர் இரத்தத்தைக் கழுவிக்கொண்டே போவதால் காட்சி தெளிவாக இருக்கும்.

போருக்குப் பிறகு அந்த வேலையைத் தொடர்ந்தவர் மசாகி வதனாபே. டோக்கியோ தெய்ஷின் மருத்துவமனையில் அவர் கருவிகளுக்கு வரிசை எண் இட்டு ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போனார். 1950-களின் இறுதியில் வந்த 21-ஆம் எண் கருவிதான் உலகுக்குப் போயிற்று. அதன் நுனியில் ஒரு குட்டி பல்பு உண்டு. குண்டூசித் தலை போன்ற அந்தக் கண்ணாடி மூட்டுக்குள்ளேயே உடைந்துபோகும் ஆபத்தும் இருந்தது. வெளிச்சம் தேடிப் போனவர் கண்ணாடித் துண்டு தேட வேண்டிவரும். கண்ணாடி இழை வழியாக வெளியிலிருந்து ஒளியை அனுப்பும் ‘குளிர்ந்த வெளிச்சம்’ 1960-களின் பிற்பகுதியில் வந்த பிறகே இந்தத் தொல்லை ஓய்ந்தது. கருவியின் வரலாற்றில் லென்சைவிட விளக்குக்குப் பங்கு அதிகம் என்பது என் கருத்து.

1962 மே 4 அன்று, கூடைப்பந்து ஆடி முழங்காலைத் திருகிக்கொண்ட 17 வயது இளைஞனின் கிழிந்த மெனிஸ்கஸ் (முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பு மெத்தை) துண்டை வதனாபே இந்தத் துளை வழியாகவே வெட்டி எடுத்தார். ஆறு வாரத்தில் அவன் ஆட்டத்துக்குத் திரும்பினான். பார்ப்பதற்கான குழாய் அன்று அறுவைக் கருவியாயிற்று.

மேற்குலகம் இதைக் கவனிக்க ஒரு கனடியர் தேவைப்பட்டார். 1964-இல் டோக்கியோவில் இருந்த ராபர்ட் ஜாக்சன், வதனாபேயிடம் இதைக் கற்று, ஒரு கருவியோடு டொரண்டோ திரும்பினார். பாடத்துக்குக் கைம்மாறாக அவர் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். ஊரில் சக மருத்துவர்களுக்கு இது விளையாட்டுச் சாமானாகத்தான் பட்டது. பெரிதாகத் திறந்து பார்ப்பதே நேர்மையான அறுவை என்று பழகிய தலைமுறை அது. 1974-இல் பன்னாட்டு ஆர்த்ராஸ்கோப்பிச் சங்கம் அமைந்தபோது வதனாபே அதன் முதல் தலைவரானார். ஆனால் மக்கள் மனத்தை மாற்றியது சங்கங்கள் அல்ல, ஓட்டப்பந்தயம். அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 1984 ஏப்ரலில் முழங்காலில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டு, 17 நாள் கழித்து ஒலிம்பிக் தகுதி மாரத்தானில் வென்றார். ஆகஸ்ட்டில் லாஸ் ஏஞ்சலஸில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானிலும் தங்கம் வென்றார். ‘இரண்டு ஓட்டை, இரண்டு வாரம்’ என்ற நம்பிக்கை இப்படிப்பட்ட கதைகளிலிருந்துதான் ஊரெல்லாம் பரவியது. அவர் உலகத்தரமான ஓட்டக்காரர் என்பதைக் கேட்டவர்கள் மறந்துவிட்டார்கள்.

இங்கே மெனிஸ்கஸ் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் ‘ஜவ்வு கிழிஞ்சிடுச்சு’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையில் பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்பு மெத்தைகள். எடையைப் பகிர்ந்து தாங்குபவை. 1887-இல் லண்டன் மருத்துவர் பிளாண்ட் சட்டன் இதைத் தசையின் பயனற்ற மிச்சம் என்று கணித்தார். அந்தக் கணிப்பின் நிழலில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கிழிந்த மெனிஸ்கஸ் முழுதாகவே வெட்டி எறியப்பட்டது. 1948-இல் ஃபேர்பேங்க் என்ற மருத்துவர், அப்படி எடுக்கப்பட்டவர்களின் எக்ஸ்ரே படங்களில் மூட்டு இடைவெளி குறுகி, எலும்பு தட்டையாகி, ஓரத்தில் முகடு வளர்வதைக் காட்டினார். பயனற்றதை எடுத்ததற்கு மூட்டு ஏன் தேய வேண்டும்? விடை தெரிந்தும் கைகள் உடனே நிற்கவில்லை. பெரிய வெட்டு வழியே கிழிந்த ஓரத்தை மட்டும் அளந்து எடுப்பது கடினம் என்பதும் ஒரு காரணம். துளைக் கருவி அதைச் சாத்தியமாக்கியது. 1969-இல் டோக்கியோவிலேயே ஹிரோஷி இகெயுச்சி கிழிசலைத் துளை வழியாகத் தைத்தும் காட்டினார். எதைத் தைக்கலாம், எதை நறுக்கலாம் என்பதை இரத்த ஓட்டம் தீர்மானிக்கிறது: மெனிஸ்கஸின் வெளி ஓரத்துக்கு மட்டுமே இரத்தம் போகிறது, அங்கே தைத்தால் ஒட்டும், உள் ஓரத்தில் ஒட்டுவது அரிது.

இதுவரை வளர்ச்சியின் கதை. இனி அதன் சங்கடமான பகுதி. 1980-களில் கேமரா வந்து, மருத்துவர் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்த காலம் போய், அறையிலிருந்த எல்லோரும் திரையில் பார்க்கலானார்கள். செய்வது எளிதாயிற்று, எளிதானது பெருகிற்று. வயதான தேய்மான மூட்டுக்குள்ளும் புகுந்து, கழுவி, சீவி வெளியே வருவது வழக்கமாயிற்று. பலரும் வலி குறைந்ததாகச் சொன்னார்கள்.

ஹூஸ்டனில் புரூஸ் மோஸ்லி என்பவர் இதைச் சோதித்தார். மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேர். யாருக்கு என்ன என்பதை அறுவை அரங்கில் உறையைப் பிரித்த பிறகே மருத்துவர் அறிவார். ஒரு பிரிவினருக்குக் கழுவுதல், ஒரு பிரிவினருக்குச் சீவுதல். மூன்றாம் பிரிவினருக்குத் தோலில் வெட்டு மட்டும்; மருத்துவர் வழக்கம்போலக் கருவிகளைக் கேட்டார், காலை மடக்கி நீட்டினார், சத்தம் கேட்பதற்காக உப்புநீரைத் தெறிக்கவும் விட்டார்கள். இரண்டு ஆண்டு கவனித்ததில் மூன்று பிரிவினரின் வலியிலும் நடையிலும் வேறுபாடில்லை. 2002-இல் இது வெளியானது. 2013-இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள், தேய்மானத்தால் மெனிஸ்கஸ் கிழிந்த, ஆனால் மூட்டழற்சி இல்லாத 146 பேரிடம் இதே பாணியில் சோதித்து, ஓராண்டு முடிவில் வெட்டியதற்கும் வெட்டாததற்கும் பயனில் வேறுபாடில்லை என்றார்கள். இடையில் 2008-இல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் நகரத்தில், 50 வயது கடந்தவர்களின் முழங்காலை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், மெனிஸ்கஸ் கிழிந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியே இருந்திருக்கவில்லை. நரைமுடியைப் போல, கிழிசலும் வயதோடு வருவதுதான். 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதல், தேய்மான முழங்காலுக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று அழுத்தமாகவே கூறியது. ‘ஸ்கேன்ல கிழிசல் இருக்கு’ என்ற ஒற்றை வரிக்காக மேசையில் ஏறுவது இன்று நியாயமில்லை.

அப்படியானால் யாருக்கு? விளையாட்டிலோ விபத்திலோ திருகிக் கிழிந்த இளையோருக்கு. கிழிந்த துண்டு இடையில் சிக்கிக் கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டவருக்கு. மூட்டுக்குள் எலும்புத் துணுக்கு உருண்டு திரிபவருக்கு. முன் சிலுவைத் தசைநார் அறுந்து கால் பிடிமானம் இழந்தவருக்கு. சீழ் பிடித்த மூட்டைக் கழுவ வேண்டியவருக்கு.

அவர்கள் எதிர்பார்க்க வேண்டியவற்றில் முக்கியமானவை இவை. பெரும்பாலும் முதுகில் மரப்பு ஊசி, தொடையில் இறுக்குப்பட்டை. முழங்கால் சில்லுக்குக் கீழே இருபுறமும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இரண்டு துளைகள். ஒன்றில் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமராக் குழாய், மற்றதில் கருவி. எளிய வேலையென்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். அன்றோ மறுநாளோ வீடு. கட்டு லேசாகச் செந்நீரில் நனைந்தால் பதற வேண்டாம். உள்ளே நிரப்பிய உப்புநீர் கசிவதுதான். பத்துப் பதினான்கு நாளில் தையல் பிரிப்பார்கள். தொற்று நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வரும். ஆனால் காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினாலோ, கெண்டைக்கால் இறுகி வலித்தாலோ காத்திருக்கக் கூடாது. பின்னது இரத்தக் கட்டியாக இருக்கலாம். தொடைத் தசை ஓரிரு வாரத்திலேயே இளைக்கத் தொடங்கிவிடும். பிசியோதெரபியை விட்டவர்களுக்குத்தான் முறைப்பாடு அதிகம்.

வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருவர் படுத்திருந்தால் ஒரு குழப்பம் வரும். மெனிஸ்கஸை நறுக்கியவர் அன்று மாலையே காலூன்றி நடப்பார். நாற்காலி வேலைக்கு இரண்டு வாரத்தில் போகலாம். தைத்தவரோ நான்கு முதல் ஆறு வாரம் ஊன்றுகோலோடு, முழங்காலைச் செங்கோணத்துக்கு மேல் மடக்காமல் இருக்க வேண்டும். குந்தி உட்காரவும் சம்மணமிடவும் மாதங்கள் ஆகும். தனக்கு ஏதோ தவறாகிவிட்டது என்று இரண்டாமவர் கவலைப்படுவார். இருவருக்கும் துளை ஒரே அளவுதான். இரண்டாமவருடைய மெனிஸ்கஸ் மட்டும் முழுதாக இன்னும் உள்ளே இருக்கிறது.