தரகுக் காசு - பரங்கிப்பேட்டையிலிருந்து கொஞ்சம் சரித்திரம்

புரோக்கர்னாலே நம்ம மக்களுக்கு ஒரு இளக்காரம். ஆனா பரங்கிப்பேட்டை மாதிரி ஒரு துறைமுக ஊர் தரகர் இல்லாம ஓடியிருக்காது. வெள்ளாறு கடல்ல கலக்குற இடம். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர்னு எல்லாரும் துணி வாங்க வந்தாங்க. முன்பணம் வாங்கி நெசவாளிக்குக் கொடுத்து, சரக்கு வந்து சேர்றதுக்கு ஜவாப் சொல்றது தரகர் வேலை. அதுக்குத்தான் கமிஷன். நாட்குறிப்பு எழுதின ஆனந்தரங்கப் பிள்ளையும் இளமையில இங்க பிரெஞ்சுக் கிடங்கைப் பார்த்துக்கிட்டவர்தான்.

அவரோட நெருங்கிய உறவினர் நைனியப்பப் பிள்ளை, புதுச்சேரியில பிரெஞ்சுக் கம்பெனியோட தலைமைத் தரகர். 1716-ல ஆளுநர் எபேர் அவரைக் கைது பண்ணினார். பின்னாடி சேசு சபைப் பாதிரிமார். கடைத்தெருவுல 50 கசையடி, சிறை, அபராதம். 1717-ல சிறையிலேயே இறந்துட்டார். தீர்ப்பு தப்புன்னு பிறகு ரத்தாச்சு, மகன் குருவப்பா பிரான்ஸ் வரைக்கும் போய் அப்பா பதவியை வாங்கிட்டு வந்தார். என்ன பிரயோஜனம்? ஆளுநர் முகம் கோணினா தரகனுக்குக் காசும் இல்ல, உயிரும் இல்ல. கடமை மட்டும் நிறைய, உரிமை பூஜ்யம்!

இதை மாத்தினது 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டம். 213-ம் பிரிவுப்படி தரகர் கணக்கு காட்டணும். 216-ம் பிரிவு, சொந்தக்காரருக்குத் தெரியாம அந்த வியாபாரத்துல தானே லாபம் பார்த்தா, அந்த லாபத்தைச் சொந்தக்காரர் கேட்கலாம்ங்குது. ஒழுங்கீனம் பண்ணினா அந்த வேலைக்குக் கூலி கிடையாது (220). வேற மாதிரி பேசிக்கலைன்னா, வேலை முடிஞ்சதும் கமிஷன் கேட்க உரிமை உண்டு (219). எத்தனை பர்சென்ட்டுன்னு மட்டும் சட்டம் சொல்லல, அது பேச்சுவார்த்தைதான்.

2016-ல வந்த ரெரா சட்டம், பதிவு செய்யவேண்டிய புதுத் திட்டங்கள்ல மனை, ஃபிளாட் வித்துக் கொடுக்கிற ஏஜென்ட்டும் பதிவு பண்ணணும்ங்குது. பழைய வீடு கைமாறினா? திரும்ப 1872 தான் :-)

எங்க சித்தப்பா இந்தப் பக்கம் நிலத்தரகு பார்க்கிறவர். வாங்குற ஆளைக் கூட்டிட்டு வந்து விலை பேசி முடிச்சது அவர். பத்திரப்பதிவு அன்னிக்கு அவருக்குத் தகவலே இல்ல. ரெண்டு பக்கமும் நேரா பேசி முடிச்சுட்டாங்க. அவர் முயற்சியாலதான் கைமாறிச்சுன்னு நிரூபிச்சா கமிஷன் கேட்கலாம், எழுதி வாங்கினீங்களான்னு கேட்டேன்.

"ஊர்க்காரன்கிட்ட எப்படிப்பா எழுதிக் கேக்குறது?"ன்னார்.