சுங்க ஏட்டில் ஒரு கைப்பேசி



போடிநாயக்கனூரை அடுத்த சிலமலைப் பக்கத்தாருக்கு ஏலக்காயின் பயணம் புதிதன்று. மலைத் தோட்டத்தில் பறித்து உலர்த்திய காய் போடிமெட்டு வழியாக இறங்கி வரும். சலித்துத் தரம் பிரிப்பர். ஏலத்தில் ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண்ணும் எடையும் விலையும் பதிவாகும். ஆயின் அதே காய் கடல் கடக்கும்போது சுங்க ஏட்டில் 0908 என்னும் தலைப்பில் அடங்கிவிடுகிறது. பிறந்த இடம் ‘இந்தியா’ என்ற ஒரே சொல்லாகிறது. எந்த மலை, எவர் தோட்டம் என்பன அங்கே இல்லை.

இவ்வெண் முறையை வகுத்தது பிரசெல்ஸ் நகரிலுள்ள உலகச் சுங்க அமைப்பு. 1988 முதல் அது நடைமுறையில் உள்ளது. சாதிக்காயும் சாதிபத்திரியும் ஏலத்தோடு ஒரே தலைப்பில் உறவாடுகின்றன. கைப்பேசிக்கு உரிய தலைப்பு 8517. வெளிநாட்டுச் சரக்கை இறக்குவோர் சுங்கத்தாரிடம் தரும் நுழைவுப் பத்திரத்தில் இந்த எண்ணோடு சரக்கின் அளவு, மதிப்பு, ஏற்றிய துறைமுகம், தோன்றிய நாடு ஆகியவை இருக்கும். ஏற்றிய துறைமுகமும் தோன்றிய நாடும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆராய்பவர் முதலில் வழுக்கி விழும் இடம் இதுவே. இப்பத்திரங்களை அடுக்கி வைத்தால் ஒரு நிறுவனத்தின் வேர்கள் எந்தெந்த நாட்டில் ஓடுகின்றன என்று ஓரளவு காணலாம்.

இது புதிய கலையுமன்று. வியன்னா நகரில் உள்ள முசிறிப் பாப்பிரசுத் தாள் கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது. எர்மப்பொல்லோன் என்ற கப்பலில் சென்ற தந்தம் முதலிய சரக்குகளின் எடையும் மதிப்பும் அதில் உள்ளன. உரோமப் பேரரசு நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாகக் கொண்டதையும் அதனால் அறிகிறோம். யானை எந்தக் காட்டில் வீழ்ந்தது என்பதை அத்தாளும் சொல்லவில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம் 2006-இல் திருப்பெரும்புதூரில் கைப்பேசித் தொழிற்சாலையைத் திறந்தது. அது சிறப்புப் பொருளாதார மண்டலம்; உள்ளே வரும் உதிரிப் பாகங்களுக்குச் சுங்க வரி இல்லை, ஆனால் கணக்கு உண்டு. மின்னேற்றி செய்யும் சால்காம்ப், உறை முதலியன செய்யும் பாக்ஸ்கான் போன்ற நிறுவனங்கள் அவ்வளாகத்திலேயே அமர்ந்தன. தொழிலாளரிற் பெரும்பாலோர் இளம் பெண்கள். உச்ச நிலையில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கே வேலை பார்த்தனர்.

பாகங்கள் கப்பலிலும் வானூர்தியிலும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஏட்டில் ஒரு வரி இருந்தது. ஆயின் கைப்பேசிக்கு உயிர் கொடுக்கும் ஒரு பொருள் எந்தத் துறைமுகத்திலும் இறங்கவில்லை. அதுதான் மென்பொருள். அதற்குப் பெட்டியில்லை, எடையில்லை. பின்லாந்திலிருந்த தாய் நிறுவனத்துக்கு அதற்காகப் பணம் மட்டும் சென்றது. அது உரிமத்தொகை, அனுப்புமுன் வருமான வரியைப் பிடித்திருக்க வேண்டும் என்பது வரித்துறையின் வாதம். 2013-இல் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு ஆணை வந்தது. நிறுவனம் மறுத்தது, வழக்கு நீண்டது.

2014-இல் மாநில வணிகவரித் துறையும் ஏறத்தாழ 2,400 கோடி கேட்டது. ஏற்றுமதி என்று காட்டிய கைப்பேசிகள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. சென்னையில் செய்தவை அயல்நாடு சென்றதை எளிதில் மெய்ப்பிக்கலாம் என்று நோக்கியா கூறியது. தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இரண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஏற்றுமதி பற்றிய பூசலுக்குச் சான்று தேட ஏடாவது இருந்தது, மென்பொருளுக்கோ சுங்கச் சாவடியில் ஒரு சீட்டும் இல்லை. பெரிய பூசல் அந்த வெற்றிடத்திலேதான் முளைத்தது என்பது என் கருத்து.

இதற்கிடையே நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்றது. 2014 ஏப்ரலில் அவ்விற்பனை நிறைவேறியபோது, வழக்கில் முடங்கிய திருப்பெரும்புதூர் ஆலை கைமாற முடியவில்லை. மைக்ரோசாப்டுக்காக ஒப்பந்த அடிப்படையில் சில மாதம் ஓடியது. பல்லாயிரவர் விருப்ப ஓய்வு பெற்று வெளியேறினர். 2014 நவம்பர் 1-ஆம் நாள் உற்பத்தி நின்றது. வருமான வரிப் பூசலை 2018-இல் இரு நாட்டு அரசுகளும் பேசி முடித்தன. நோக்கியா 20 கோடி யூரோவுக்கு மேல் செலுத்த நேர்ந்தது. அந்த உடன்பாடு வந்தபோது ஆலை மூடி மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

இத்தகைய வரலாற்றை எழுத விரும்பும் மாணவருக்கு ஒரு தடையைச் சொல்ல வேண்டும். 2022-இல் சுங்கச் சட்டத்தில் சேர்த்த பிரிவின்படி, தனிப்பட்ட இறக்குமதியாளர் சுங்கத்தாரிடம் தந்த விவரங்களைச் சட்ட அனுமதியின்றி வெளியிடுதல் குற்றம். அமெரிக்காவில் கடல்வழிச் சரக்குப் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கலாம். வானூர்திச் சரக்குக்கு அந்த வசதி இல்லை. கைப்பேசியோ பெரும்பாலும் வானில் பறப்பது! மொத்தப் புள்ளிவிவரம் மட்டும் எல்லோருக்கும் கிடைக்கும்.

மூடிக் கிடந்த ஆலையை 2019-இல் வாங்க முன்வந்தது, முன்பு நோக்கியாவுக்கு மின்னேற்றி செய்து தந்த அதே சால்காம்ப். அது செய்யும் மின்னேற்றிக்கு உரிய சுங்கத் தலைப்பு 8504.