பாலைப்பழமும் ஏ9 வீதியும்

கோடையில் வன்னிக் காடுகளில் பாலை பழுக்கும். மஞ்சள் நிறமும் உதட்டில் ஒட்டும் பாலுமுள்ள அந்தச் சிறுபழம் கரடிக்கும் மனிதருக்கும் பொது உணவு. வீரையும் பனிச்சையும் அக்காட்டில் வளர்பவை. பனிச்சங்காயின் துவர்ச்சாற்றில் நூல் வலைகளைத் தோய்த்து உறுதியாக்குவது, நைலோன் வரும்வரை, நம் மீனவர் வழக்கமாயிருந்தது.

வலையை இறுக்கும் துவர்ப்புக்கு வயிற்றிலும் வேலையுண்டு. பனிச்சையின் இனத்தைச் சேர்ந்த பெர்சிம்மன் பழத்தை அளவின்றி உண்பவர்களிடம், அதன் துவர்ப்பொருள் இரைப்பை அமிலத்தில் உறைந்து, நாரையும் தோலையும் பிணைத்துக் கல்லாக்குவதைக் கொரியாவிலும் இஸ்ரேலிலும் மருத்துவர்கள் விரிவாகப் பதிவு செய்துள்ளனர். இக்கட்டியை 'பெசோவார்' என்பர். நஞ்சுமுறி என்று பொருள்படும் பாரசீகச் சொல்லின் திரிபு அது. விலங்குகளின் வயிற்றிற் கிடைத்த இத்தகைய கற்களை மருந்தென மதித்து, கோவாவில் வாழ்ந்த கார்சியா டா ஓர்டா 1563 இல் எழுதினார். மனித வயிற்றிலோ அதுவே ஆபத்து. கட்டி சிறுகுடலுக்கு இறங்கி அடைத்தால் பெரும்பாலும் சத்திரசிகிச்சையே வழி. சிறுவர் கொட்டைகளோடு விழுங்கும் பழங்கள் மலக்குடலில் திரண்டு அடைப்பதுமுண்டு.

இங்கேதான் மருத்துவம் வரலாறாகிறது. குடலடைப்பு காத்திருக்காத நோய்; குருதியோட்டம் தடைப்பட்ட குடல் அழுகும். வன்னியிலோ 1990 இல் ஏ9 வீதி மூடப்பட்டது. பொருளாதாரத் தடையால் எரிபொருளும் மருந்தும் அருகின. 2002 போர்நிறுத்த உடன்பாட்டின் பின் வீதி திறந்தது; 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடியது. கிளிநொச்சியிலிருந்து வவுனியா எண்பது கிலோமீற்றருக்கும் குறைவு. ஆயினும் அனுமதியும் சோதனைச்சாவடியும் இடையில் நின்றபோது, நோயாளியின் தூரம் கிலோமீற்றரில் அளக்கப்படவில்லை. 2009 பெப்ரவரி முதல் மே வரை காயமடைந்தோரும் நோயாளரும் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் துணையுடன் கடல்வழியே வெளியேற்றப்பட்டனர்.

போர்க்களத்தில் இறந்தவர்களைப் பற்றி நாம் நிறைய எழுதினோம். சாதாரண வயிற்றுவலியோடு படுத்து, சத்திரசிகிச்சைக் கூடத்தை எட்ட முடியாமற் போனவர்களை யாரும் எண்ணவில்லை. பத்திரிகையாளனாகிய எனக்கு அந்த எண்ணப்படாத பக்கமே அதிகம் உறுத்துகிறது.

இன்று வீதி திறந்திருக்கிறது. பழத்தை அளவோடு, நன்கு மென்று, கொட்டையை உமிழ்ந்து உண்ணுங்கள். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, வாயுவும் மலமும் நின்றால் விடியட்டும் என்றிருக்க வேண்டாம். அன்றிரவே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.